மெழுகுப் பதம்

பள்ளி மாணவர்களுக்காக வேளாண்மையின் அடிப்படைச் சொற்களைத் தொகுக்கும் வேலை இந்த ஆண்டு என்னிடம் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரிக்கு மிகாத விளக்கம் வேண்டும் என்றார்கள். எனக்குப் பிடித்த வேலை. உழவு, நாற்றங்கால், தூர் கட்டுதல், ஊடுபயிர், தரிசு என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனேன். வயல் கொள்ளளவு: மிகுதியான நீர் வடிந்த பிறகு மண் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் நீர். வாடல் நிலை: மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாத நிலை. எதிலும் தடங்கல் இல்லை. பதம் என்ற சொல்லுக்கு வந்தபோது மட்டும் எழுத ஓடவில்லை. விளக்கம் தெரியாமல் இல்லை. அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

மொட்டைமாடியில், துணிக் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சிதம்பரத்தில் எங்கள் விடுதி மாடியில் நீளநீளமாகக் கொடிகள் கட்டியிருக்கும். காலை வகுப்புக்கு முன்னால் எல்லாரும் ஓடிவந்து கைக்குக் கிடைத்ததை உருவிக்கொண்டு போவோம். அவள் மட்டும் ஒவ்வொரு துணியாக விரல்களின் பின்பக்கத்தால் தொட்டுப்பார்ப்பாள். உள்ளங்கையால் தொடமாட்டாள். தொட்டுவிட்டு, "இன்னும் இல்ல" என்பாள். தன் துணியை மட்டும் சொல்லியிருந்தால் ஒருவரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஊரார் துணிக்கும் அவளே தீர்ப்புச் சொல்வாள்.

"ஏண்டி, என் சுடிதார் காஞ்சிச்சா இல்லியான்னு நீ சொல்லணுமா?" என்று பக்கத்து அறைப் பெண் ஒருநாள் சண்டைக்கு வந்தாள்.

"இடுப்புப் பட்டியில ஈரம் இருக்குது. போட்டுக்கோ. மத்தியானம் சொறியும்போது என்ன நெனச்சிக்கோ."

மத்தியானம் அந்தப் பெண் வகுப்பில் நெளிந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அவள் ஊர் சேத்தியாத்தோப்பு. நிலம் கிடையாது. அப்பா லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். விரலின் பின்பக்கம் அங்கிருந்து வந்ததுதான். உள்ளங்கையில் தொட்டால் ரேகை பதிந்துவிடும். பின்பக்கத்தால் தொட்டால் பெயின்ட் காய்ந்ததா என்று தெரியும், தடமும் விழாது. "ஒரு கோட் காயாம அடுத்த கோட் அடிச்சா மூணு மாசத்துல மொத்தமும் உரிஞ்சிடும்னு எங்கப்பா சொல்லும்" என்றாள். லாரிக்காரர்கள் வாசலில் நின்று அவசரப்படுத்துவார்களாம். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். அதனால் போன வாடிக்கையும் உண்டு, நிலைத்த வாடிக்கையும் உண்டு.

நாங்கள் இருவரும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். முதல் ஆண்டு வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தபோது ஒரு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. நான் கடலூர் முதுநகரிலிருந்து வந்தவள். கடல் தெரியும், மீன் தெரியும், நெல் என்பது மூட்டையில் வருவது. ஆகவே நான் என் வழியில் சமாளித்தேன். சொற்களைப் பட்டியல் போட்டேன், எண் போட்டேன், எதிரே தமிழ் எழுதி மனப்பாடம் செய்தேன். அவளுக்கு அப்படி ஏறாது. ஒரு சொல்லைக் கேட்டால் அதற்குரிய பொருளைத் தேடிப் போய்விடுவாள். மண் கட்டமைப்பு என்று படித்த அன்று சாயங்காலம் கழிப்பறை வாளியில் மூன்று வகை மண்ணை ஊறவைத்து, விடுதிக் காப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இதற்கெல்லாம் அவள் கொடுத்த விலை மதிப்பெண்கள். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் அவளிடம், வயல் கொள்ளளவு என்றால் என்ன என்று கேட்டார். மிக எளிய கேள்வி. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவர் மேசையைத் தட்டினார். அவள் உதட்டைக் கடித்தாள். அவர் சலித்துப்போய் அடுத்தவளைக் கேட்டு, அவள் சொல்லி, அதற்கடுத்தவளும் சொல்லி முடித்த பிறகு இவள் எழுந்து, "சார், எந்த மண்ணுக்கு?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சுழியம் சுழியமாகவே இருந்தது.

சில மாதங்களுக்கு முன் கடலூர் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. ஒரு விதை ஆய்வுக் கூடத்தில் வேலை செய்வதாகச் சொன்னாள். தட்டுகளில் விதைகளை முளைக்கவிட்டு எண்ணும் வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதே சிதம்பரம் பேருந்து வந்தது. உட்கார இடம் இருந்தது. அவள் ஏறவில்லை. "டிரைவர் மூஞ்சி சரியில்ல. வீட்டுல சண்ட போட்டுட்டு வந்திருக்கான். அடுத்ததுல போறேன்" என்றாள். அடுத்ததிலும் போகவில்லை. மூன்றாவது வந்தபோது குழந்தை தூங்கியிருந்தது. அதன் கன்னத்தை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப்பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

அவளை நினைக்கும்போது எனக்குள் அன்பும் ஒரு மெல்லிய கலவரமும் சேர்ந்தே வரும். காத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது எளிதல்ல. நமக்கு நேரமாகிறது என்பது அவர்களுக்கு ஒரு செய்தியே இல்லை.

கல்லூரியின் கடைசி ஆண்டில் எங்களைக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். ஒரு விவசாயக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் செய்வதைப் பார்த்து, நாங்கள் படித்ததில் ஒன்றையாவது அவர்கள் நிலத்தில் செய்துகாட்ட வேண்டும். எனக்கும் அவளுக்கும் குமராட்சிப் பக்கம் ஓர் ஊர் கிடைத்தது. தை மாதம். கொள்ளிடத்திலிருந்து கிளம்பிவரும் பனி காலையில் வயல்களை மூடிவிடும். மினி பஸ் அதற்குள்ளிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வரும். வண்டி தெரியாது, சத்தம் மட்டும் தெரியும்.

எங்களை ஏற்றுக்கொண்டவர் முப்பதைத் தாண்டிய ஓர் அக்கா. கணவர் கேரளாவில் கட்டட வேலை. நிலம் குத்தகைக்கு எடுத்தது, அதையும் அக்காவே தனியாகப் பார்த்துக்கொண்டார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நெல்லில்தான் நிலக்காரருக்குக் குத்தகை. அதற்குப் பின்வரும் உளுந்தில் அவர் பங்கு கேட்கமாட்டார். அது பயிர் செய்பவருக்கே. "நெல்லு ஊருக்கு. உளுந்துதான் எனக்கு" என்பார் அக்கா. அந்த ஆண்டு மார்கழி மழையில் நெல் பாதி பதராகி, குத்தகை அளப்பதற்கே போதாது என்று ஆகியிருந்தது. முதல் நாளே எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

"பாப்பா, நீங்க எத வேணாலும் செஞ்சி காட்டுங்க. ஆனா உளுந்து தப்பணும். அது வந்தாத்தான் பாக்கிய அளந்துட்டு இந்த நெலத்த வெச்சிருப்பேன். வரலன்னா நெலத்த விட்டுட்டு அவுரு இருக்கற எடத்துக்கே செங்கல் தூக்கப் போவேண்டியதுதான்."

நெல் தரிசு உளுந்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். நெல்லை அறுத்துவிட்டு உளுந்து விதைப்பதில்லை. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னால், கதிர்களுக்கிடையே நடந்து கையால் வீசுவார்கள். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அதற்கு எல்லாம். நெல்லின் நிழலில் முளைத்து நிற்கும். நெல்லை அறுத்ததும் வெயில் கிடைக்கும். ஈரம் ஜாஸ்தியானால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. இரண்டுக்கும் நடுவே மண் மெழுகுபோல இருக்கும். காலை வைத்தால் தடம் விழும், தடத்தில் தண்ணீர் ஊறாது, குதிகாலில் சேறு ஒட்டாது. அதைத்தான் மெழுகுப் பதம் என்கிறோம். சில நாள்தான் இருக்கும்.

நான் அட்டவணை போட்டேன். அறுவடை இயந்திரம் வரும் நாள் தெரியும். அதிலிருந்து பின்னால் எண்ணினால் விதைக்கும் நாள். அதற்கு முந்தைய நாள் விதை நேர்த்தி. ஆறிய சோற்றுக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரத்தைக் கலந்து, உளுந்தை அதில் புரட்டி, அக்கா வீட்டு நிழலில் சாக்கின் மேல் உலர்த்தினோம். அக்கா ஒரு பருப்பை எடுத்து மோந்து பார்த்து, "கஞ்சி குடிச்சிட்டுப் போவுதா வயலுக்கு" என்று சிரித்தார்.

மறுநாள் காலை அவள் வயலுக்குள் இறங்கினாள். நெல் இடுப்பளவு. குனிந்தால் ஆளே தெரியாது. எழுந்து வந்தவள், "இன்னும் இல்ல" என்றாள்.

காரணம் இருந்தது. அக்காவின் வயல் வடிகால் வாய்க்காலை ஒட்டிய நிலம். ஒரு பாதி மேடு, ஒரு பாதி பள்ளம். சுற்றிலும் எல்லாரும் விதைத்தார்கள். இங்கே மட்டும் தண்ணீர் வற்ற மறுத்தது.

"வெதய நேர்த்தி பண்ணிட்டோம். ஒரு நாளைக்கு மேல வெக்கக் கூடாதுடி" என்றேன்.

"வெச்சா என்ன ஆவும்? மறுபடியும் கஞ்சி காச்சலாம். மண்ணுல போட்டுட்டா மறுபடியும் பொறுக்க முடியுமா?"

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வரப்பில் போகிறவர்கள் எங்களைப் பார்த்தால் நின்று பேச ஆரம்பித்தார்கள். சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரத்தை ஊருக்குக் கொண்டுவரும் தரகர் அக்காவுக்கு மாமா முறை. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னா பாப்பா, மண்ணுக்கு ஜுரம் எறங்கிடுச்சா?" என்பார்.

"இன்னும் இல்ல மாமா."

"ஊசி போட்டுப் பாரேன்."

"ஊசி போட்டா ஒங்க செயின் வண்டிக்குத்தான் மாமா மொதல்ல போடணும். அது போன வயல்ல ஒண்ணும் மொளைக்க மாட்டுதாமே."

அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போவார். அக்கா மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். சாயங்காலம் எங்களுக்குச் சோறு போடும்போது, "நாளைக்காவது ஆவுமா?" என்று கேட்பார். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசிப்பாள். ஆறுதலுக்குக்கூட ஆகும் என்று சொல்லமாட்டாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல இருக்கும்.

பிறகு ஒருநாள், பனி விலகி வெயில் ஏறிய நேரத்தில், செயின் வண்டி எங்கள் வரப்பு முனையில் வந்து நின்றது. வரவேண்டிய நாள் அதுவல்ல.

"என்னா மாமா, நாளன்னிக்கித்தான வரணும்?" அக்கா ஓடிவந்தார்.

"பக்கத்து ஊர்ல ஒருத்தன், வூட்டுல சாவுன்னு திருப்பி அனுப்பிட்டான். கையோட இங்க கொண்டாந்தேன். வேணாம்னா சொல்லும்மா, இப்பிடியே சேத்தியாத்தோப்பு பக்கம் போயிடும். அப்புறம் எப்ப வரும்னு என்ன கேக்காத. ஒன் நெல்லு கொட்ட ஆரம்பிச்சிடுச்சி, பாத்துக்கோ."

கதிர்கள் உண்மையிலேயே உதிரத் தொடங்கியிருந்தன. அக்கா எங்களைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் போனாள். குனிந்து நடந்தவளை நெல் மூடிக்கொண்டது. எங்கே நடக்கிறாள் என்பது கதிர்கள் அசைவதில் மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். அவள் வந்தாள்.

"மேட்டுப் பக்கம் போடலாம்க்கா. வண்டிக்கு முன்னாடியே வீசிடலாம். பள்ளத்துல வேணாம்."

"வேணாம்னா? வண்டி போனப்புறம் வெயில் பட்டா ஒரே நாள்ல மேல் மண்ணு வெடிச்சிடுமே பாப்பா."

"வெடிக்கும். அதுக்கு முன்னாடி ஒரு நேரம் வரும்."

"வராட்டி?"

அவள் காலில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்தாள். அக்கா என்னிடம் திரும்பினார். புத்தகத்தில் உள்ளபடி, அறுவடைக்கு முன் முழு வயலிலும் விதைத்துவிடுவதுதான் முறை என்றேன். அதுதான் முறை, இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். அக்கா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கூடையில் இருந்த உளுந்தில் பாதியை முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டார். மீதிக் கூடையை அவளிடம் நீட்டினார்.

"மேட்ட முடிச்சிட்டு வா. இது என் மடியிலேயே இருக்கட்டும்."

அதன் பிறகு நடந்ததை எப்போது நினைத்தாலும் சத்தமில்லாமல்தான் நினைவுக்கு வருகிறது. இயந்திரம் இரைந்திருக்கும், ஓட்டுநர் கத்தியிருப்பார். ஆனால் எனக்குத் தெரிவதெல்லாம் மஞ்சள் நெல்லுக்குள் அவள் கையை வீசி வீசி நடப்பதும், அவளுக்குப் பின்னால் அந்தப் பெரிய வண்டி ஆடி ஆடி வருவதும், அதற்கும் பின்னால் கொக்குகள் இறங்குவதும்தான். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பாதத்தால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். பள்ளம் தொடங்கும் இடத்தில் கையை மடக்கிக்கொண்டு வரப்பில் ஏறினாள். வண்டி அவள் இல்லாமல் பள்ளத்துக்குள் போனது.

சாயங்காலம் பள்ளத்தில் வைக்கோலும் தாளடியும் செயின் தடங்களும் மட்டும் இருந்தன. தடங்களில் தண்ணீர் நின்றது. வைக்கோலை அள்ளவேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு, நாங்கள் மூவருமாக அதைப் பள்ளம் முழுக்கப் பரப்பிவிட்டோம். வெயில் நேரே விழாமல் இருக்க. மறுநாள் காலை அவள் வைக்கோலை விலக்கித் தொட்டாள். இல்லை. மத்தியானம் மேடு வெளுத்துவிட்டது. சாயங்காலம் மறுபடி தொட்டாள். எழுந்து நின்று அக்காவைப் பார்த்தாள். "இப்பவும் இல்லியா?" என்று அக்கா கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதைத் தாண்டிய ஏதோ இருந்தது.

அதற்கு அடுத்த காலை. பனியில் எதுவும் தெரியவில்லை. வயலும் வரப்பும் வாய்க்காலும் ஒரே வெள்ளை. நானும் அக்காவும் வரப்பில் நின்றோம். உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "அக்கா, வாங்க. இப்போ."

நான் முதன்முதலாக அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டேன். அக்கா முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாக வீசினோம். ஒருவருக்கொருவர் தெரியவில்லை. வைக்கோலில் உளுந்து விழும் சத்தம் மட்டும், தூறல் தொடங்குவதுபோல, ஒரு பக்கத்திலிருந்து கேட்கும், பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து. நடுவில் அக்கா இருமினார். காலை எடுத்துப் பார்த்தேன். குதிகாலில் சேறு ஒட்டவில்லை.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் மேட்டில் செயின் தடங்களுக்கு நடுவே பச்சை கோடு கோடாக எழுந்திருந்தது. பள்ளத்தில் வைக்கோல் மட்டும்தான் தெரிந்தது. அக்கா வைக்கோலை விலக்கிப் பார்க்கப் போனார். அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். அறிக்கையில் நான் "பாதிப் பரப்பில் முளைப்பு உறுதி" என்று எழுதினேன். ஆசிரியர் என்னைப் பாராட்டினார், அவளைத் திட்டினார்.

விடுதிக்குத் திரும்பிய பிறகு, அக்காவின் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசிப்பார்க்கலாமா என்று வாரம் ஒருமுறையாவது கேட்பேன். வேண்டாம் என்று தலையசைப்பாள். அந்த வாரங்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் நூலகத்தில், நான் கேட்காமலே, "அந்தக்கா செங்கல் தூக்குற மாதிரி கெனவு வந்துச்சிடி" என்றாள். அவளுக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தேர்வுகள் முடிந்து சித்திரை வெயிலில் நாங்கள் அந்த ஊருக்குப் போனோம். மினி பஸ்ஸில் கூட்டம். குமராட்சி தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள். வழியில் வயல்கள் எல்லாம் அறுத்துக் கிடந்தன. எது வந்தது, எது வரவில்லை என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊர் முனையில் வண்டி மெதுவானது. பிறகு நின்றேவிட்டது. எட்டிப் பார்த்தேன். தார்ச்சாலை தெரியவில்லை. பிடுங்கிய உளுந்துச் செடிகளைக் காய்களோடு சாலையில் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறிக் காய்களை உடைக்கட்டும் என்று. வளைவு வரைக்கும் கருப்பாகக் கிடந்தது. ஓரத்தில் அக்கா தலையில் துண்டோடு கவைக்கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. பஸ்ஸைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, ரோடு முழுக்க ஒன்னுதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"முழுக்க என்னுதுதான். மேட்டு உளுந்து அந்தாண்ட, அது ஒடைஞ்சாச்சி. இது பள்ளத்து உளுந்து, நேத்துதான் புடுங்கனது. இந்தப் பக்கமா ஏத்து."

"டயர்ல சுத்திக்கும்மா. வருஷா வருஷம் ஒங்களோட இதே ரோதனயாப் போச்சி."

"அடுத்த வருஷமும் இங்கதான் போடுவேன். ஏத்துண்ணா."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் ஏறியது. அவள் செருப்பிலிருந்து பாதங்களை எடுத்து, தகரத் தரையில் வெறுங்காலாக ஊன்றிக்கொண்டாள். அடியில் காய்கள் உடைந்துகொண்டே வந்தன, வளைவு வரைக்கும்.